ஓடாத நீராவிப் படகும் ஒரு சந்தனப் பொட்டும்

ஓடாத படகுக்குக் காவல் இருப்பவன், அது செய்ய வேண்டியதையெல்லாம் தன் வாயால் செய்துகாட்ட வேண்டும். ஐம்பத்துமூன்று வயதில் இந்த வேலையில் மாட்டிக்கொண்டேன். முல்லைத்தீவுக் களப்பில் மரம் ஏற்றிய வத்தைத் தோணிகளை ஒருகாலத்தில் இழுத்துத் திரிந்த நீராவிப் படகு. கரையேற்றிக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பார்க்கச் சனம் வராவிட்டால் உடைத்து இரும்புக்குக் கொடுப்போம் என்று அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்திருந்தது. பயன் தெரியாத வேலையில் இருப்பவர்களுக்கு என் பாடு விளங்கும்.

அக்கராயன் கமக்காரர்

விறகு எரிவது, தண்ணீர் கொதிப்பது, ஆவி தள்ளுவது எல்லாம் விளக்கினேன். அக்கராயனில் வயல் செய்யும் வயதான கமக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"எங்கை, ஒருக்கா ஓட்டிக் காட்டும் பாப்பம்."

"இப்ப ஓடாது ஐயா."

"அப்ப என்னத்துக்குத் தம்பி காவல்? இதை ஆர் தூக்கிக்கொண்டு போகப்போறான்?"

பொட்டு

ஆயுத பூசையன்று என் கையிலிருந்த ஒரே ஆயுதம் விளக்குமாறு. அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். மனம் கேட்காமல் கொதிகலனுக்கும் ஒன்று வைத்தேன். ஏன் வைத்தேன்? இன்றும் தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமை முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த பெண் ஒருத்தி அதன் முன் கற்பூரம் கொளுத்தினாள். கணவனின் புது மோட்டார் படகு நடுக்கடலில் நின்று நின்று போகிறதாம்.

"பிள்ளை, இது கோயில் இல்லை, மெசின்."

"அதுதான் அண்ணை இஞ்சை வந்தனான். மெசின்ரை வருத்தம் பிள்ளையாருக்கு என்னெண்டு தெரியும்?"

புத்தகம்

பிறகு சனம் வரத் தொடங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறினார்கள். எல்லாரையும் பார்வையாளர் புத்தகத்தில் எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு நிற்பவரை அப்படி எழுதலாமா? கடிதம் கொண்டுவரும் தபால்காரரிடம் கேட்டேன்.

"எழுதுங்கோ அண்ணை. கண்ணை மூட முதல் ஒருக்கா எண்டாலும் பாத்திருப்பினம்தானே."

அதிகாரி

உடைப்பதா விடுவதா என்று முடிவெடுக்க அதிகாரி வரும் நாள். ஈரத்துணியோடு கொதிகலன் முன் நின்றேன். பொட்டை அழித்தால் சனம் வராது, படகு போய்விடும். அழிக்காவிட்டால் இது காட்சிசாலை இல்லை என்பார். துணி காயும்வரை நின்றேன். ஜீப் வந்துவிட்டது.

படிக்கருகில் வரிசையாகக் கிடந்த செருப்புகளைக் கண்டதும் அதிகாரி தன்னை அறியாமல் சப்பாத்தைக் கழற்றினார். உள்ளே போனார். கொதிகலனைச் சுற்றி வந்து பொட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் குனிந்தார்.

"உடைக்கிற கதையைப் பிறகு பாப்பம். உம்மட்டைக் கற்பூரம் இருக்கோ? என்ரை ஜீப் ஏத்தம் கண்டால் நிண்டுபோகுது."

படகு அன்று தப்பியது. நான் காவற்காரனா பூசாரியா என்று கந்தோருக்கு எழுதிக் கேட்கலாம்தான், எந்தப் பதில் வந்தால் என் வேலை போகும் என்றுதான் தெரியவில்லை.