மனோதத்துவ சங்கத்தின் வாசலில் நின்றவர்

மனோதத்துவத்தில் பாதி மட்டுமே எனக்குத் தெரியும் என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்வது நல்லது. எங்கள் கல்லூரி நூல்நிலையத்தில் அந்தத் துறைக்கென்று இருந்தது ஒரேயொரு புத்தகம். அதன் பின்பாதியைக் கறையான் தின்றுவிட்டது. ஞாபகசக்தியைப் பற்றிய அத்தியாயத்தில், ஒரு வசனத்தின் நடுவிலேயே புத்தகம் மண்ணாகிவிடும். அந்த அறிவை வைத்துக்கொண்டுதான் ஒரு மனோதத்துவ சங்கத்தைத் தொடங்கி, அதற்குத் தலைவனாகவும் இருந்தேன். மிச்சத்தை அறிந்திருந்தது கறையான் மட்டுமே.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. உரும்பிராய்க்கு அப்பால் ஒரு மிஷன் கல்லூரியில் ஆசிரியனாக இருந்தேன். சங்கத்தை வளர்க்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. சைவக் குடும்பங்கள் இதைப் பாதிரிமாரின் புதுத் தூண்டில் என்று நினைத்தன. கிறிஸ்தவக் குடும்பங்கள் இதை மை போட்டுப் பார்க்கிற வேலை என்று நினைத்தன. இரண்டு சமயத்தாரையும் ஒரே விஷயத்தில் ஒன்றுசேர்த்த பெருமை எனக்குண்டு. ஒருநாள் ஒரு தாய் கூட்டத்துக்கு வந்து, முன்வாங்கில் அடக்கமாக இருந்து, என் பேச்சு முழுவதையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, என்ரை பசு எந்தப் பக்கம் போனதெண்டு சொல்லுங்கோ" என்றார்.

அதிபர் ஓர் அமெரிக்கப் பாதிரியார். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். புத்தகம் போலவே பேசுவார். "உம்முடைய சங்கத்தை விவாத சங்கத்தோடு இணைத்துவிடலாம் அல்லவா?" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். விவாத சங்கத்தின் தலைவர் கணக்கு ஆசிரியர். அவருக்குக் கீழே உபதலைவனாக இருப்பதைவிடப் பசு தேடப் போகலாம் என்று எனக்குத் தோன்றியது. ஒரேயொரு கூட்டத்துக்கு வந்து பாருங்கள், பிறகு தீர்மானியுங்கள் என்று மன்றாடினேன். ஒப்புக்கொண்டார்.

அந்தக் கூட்டத்துக்கென்று ஒரு பரிசோதனையை ஆயத்தம் செய்தேன். கறையான் தொடாத பக்கத்தில் இருந்தது. பேச்சின் நடுவே அந்நியர் ஒருவர் சத்தமில்லாமல் உள்ளே வந்து, நின்று, போய்விட வேண்டும். பிறகு சபையாரிடம் அவர் எப்படி இருந்தார் என்று கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். மனித ஞாபகத்தை நம்பக்கூடாது என்பது நிரூபணமாகும். அந்நியராக நடிக்க அரியாலையிலிருந்த என் மச்சானை, மனைவியின் தம்பியை, ஏற்பாடு செய்தேன். கூத்தில் ராசா வேஷம் கட்டுகிறவன். சிவப்புத் தலைப்பாகை, என்னுடைய கறுப்புக் கோட்டு, கையில் ஒரு பிரம்பு. வந்து அதிபருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனால் போதும். என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அந்த நேரத்தில் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டு நிற்பது என்று பேச்சு.

கார்த்திகை மழை. பின்னேரமே மண்டபம் மங்கிவிட்டது. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். குறித்த நேரத்தில் நான் பலகைப் பக்கம் திரும்பி எழுதத் தொடங்கினேன். முதுகுக்குப் பின்னால் வாங்கு ஒன்று கிரீச்சிட்டது. பிறகு மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டது. என் பேச்சுக்கு அப்படியொரு மௌனம் அதற்கு முன் கிடைத்ததில்லை. கழுத்தில் ஈரக்காற்றுப் பட்டது. மச்சான் தேவைக்கு மேலே நேரம் எடுக்கிறானே என்று நினைத்தேன். நான் திரும்பியபோது வாசல் வெறுமையாக இருந்தது.

"இப்ப வந்து போனவர் எப்படியிருந்தார்?" என்று கேட்டேன்.

மேல்வகுப்பு மாணவன் ஒருவன் எழும்பினான். "வெறும் மேல், சேர். சால்வையை இடுப்பிலை கட்டியிருந்தவர். வேட்டி ஈரம்."

"கையிலை என்ன?"

"ஒண்டுமில்லை. என்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவர்."

"உன்னையில்லை, என்னைத்தான்" என்றார் அவனுக்குப் பக்கத்திலிருந்த கீழ்வகுப்பு ரீச்சர். "தலையாலை தண்ணி வடிஞ்சுகொண்டிருந்தது. துடைக்கவேயில்லை."

கேட்ட ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள். வெறும் மேல், ஈர வேட்டி, இடுப்பில் சால்வை, "பார்த்தது என்னைத்தான்" என்று ஆளாளுக்கு. தலைப்பாகையை ஒருவராவது காணவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்தது. இத்தனை பேரும் ஒரே மாதிரிப் பிழைவிடுவார்கள் என்று நான் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. பிழை எப்படித் தொற்றுகிறது என்று விளக்கமாகப் பேசினேன். வந்தவர் உண்மையில் சிவப்புத் தலைப்பாகை கட்டியிருந்தார், கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார், உங்கள் கண்கள் உங்களை ஏமாற்றிவிட்டன என்று முடித்தேன். அதிபர் மெதுவாகக் கைதட்டினார். சங்கம் பிழைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்தக் கைதட்டலுக்குள்தான் சிவப்புத் தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாக மச்சான் வாசலில் வந்து நின்றான்.

"குறை நினையாதேங்கோ அத்தான். பஸ் கோண்டாவிலடியிலை வெள்ளத்துக்கை நிண்டுபோச்சு. நடந்துதான் வாறன். இனித்தானே தொடங்கப் போறியள்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. மச்சான் அதிபருக்குச் சொன்னபடியே ஒரு கும்பிடு போட்டான். அதுவும் எடுபடவில்லை. அவன் நின்ற இடத்துக்கு உட்புறமாக, வாசற்படியைத் தாண்டி, ஓர் ஆள் நின்ற அளவுக்கு மட்டும் தண்ணீர் தேங்கியிருந்தது. நான் கூரையைப் பார்த்தேன். ஓடுகள் ஒழுங்காகத்தான் இருந்தன.

தமிழ் படிப்பிக்கும் பண்டிதர் கடைசி வாங்கில் இருந்தார். "சால்வையை இடுப்பிலை கட்டிக்கொண்டு, வந்த இடத்திலை இராமல், ஒண்டும் வாங்காமல், போட்டு வாறன் எண்டு சொல்லாமல் போறவன் ஆர்? இழவு சொல்ல வாறவன்" என்றார். "ஆனால் இவன் சேதியைச் சொல்லாமலெல்லோ போட்டான்."

அதை எல்லாரும் ஏற்கெனவே நினைத்திருந்தார்கள் என்பது முகங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஊர்களில் சாவுச் செய்தி கொண்டுவருகிறவன் அப்படித்தான் வருவான். படலையில் நின்று சொல்லிவிட்டுத் திரும்புவான். சொல்லாமல் திரும்பினவனைப் பற்றி ஒருவருக்கும் முன் அனுபவம் இல்லை.

"நானும் அவரைக் கண்டேன்" என்றார் அதிபர். "அவர் என்னையே நோக்கினார். என் தாயார் கடலுக்கு அப்பால் இருக்கிறார்." பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

மற்றவர்களும் வீடுகளுக்கு ஓடினார்கள். ரீச்சர் குடையை மறந்துவிட்டுப் போனார். பண்டிதர் மட்டும் என் தோளில் தட்டிக்கொடுத்தார். "உங்களுக்குப் பயமில்லை. உங்களை அவன் பாக்கேல்லை." அந்த ஆறுதலோடு நான் வீட்டுக்குப் போனேன். அவன் பார்த்தது என் முதுகையா இல்லையா என்பதை அவர் எப்படிச் சொல்ல முடியும் என்று வழி முழுவதும் யோசித்தேன். ஈரக்காற்றுப் பட்ட இடம் கழுத்தில் குளிர்ந்தபடியே இருந்தது.

ஒருவருடைய வீட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் பொல்லாதது. ஒரு வீட்டில் நடந்திருந்தால் மற்றவர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள். நடக்காததால் எல்லாரும் காத்திருந்தார்கள். படலை திறக்கும் சத்தம் கேட்டாலே முகம் வெளிறியது. அதிபர் அமெரிக்கத் தபாலைக் கையில் வாங்கிவிட்டுச் சற்று நேரம் உடைக்காமல் வைத்திருப்பார். ஒருநாள் அப்படித் தபாலோடு நின்றபடியே என்னிடம் சொன்னார்: "சங்கம் நடக்கட்டும். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு நடத்தும்."

அடுத்த கூட்டத்துக்கு மண்டபம் கொள்ளவில்லை. ஆசிரியர்கள், தாய் தகப்பன்மார், தோட்டத்திலிருந்து நேரே வந்தவர்கள். கணக்கு ஆசிரியரும் வந்து ஓரத்தில் நின்றார். நான் அன்று கவனம் என்ற பொருளில் பேசினேன். இடையில் பலகைப் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது, திரும்பவில்லை. எழுதாமலே சமாளித்தேன். சாத்திய கதவில் மழைக்காற்று மோதும்போதெல்லாம் அத்தனை தலைகளும் ஒன்றாக அதன் பக்கம் திரும்பின. என் தலையும்தான்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது, என் தலைமையில் சங்கம் எப்படி வளர்ந்திருக்கிறது என்று மனைவிக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மச்சானும் பிட்டைக் குழைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கெண்டால் அண்டைக்கு வாசலிலை வந்து நிண்ட அந்தாளிலைதான் மரியாதை, அத்தான்" என்றான் தலையை நிமிர்த்தாமலே. "உங்கடை பேச்சு நடக்கேக்கை பாதியிலை போறதுக்குத் துணிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்."