அம்மன் விளக்கும் சங்குப் பெட்டியும்

ஸ்டோர்ச் சங்கு நான்காவது தடவையாக விட்டு விட்டுக் கத்தியபோது கீழ் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒருவரும் வெளியே வரவில்லை. பூரணி பயந்தது அதற்குத்தான்.

பூரணி என் சித்தி மகள். ஹட்டனுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மின்சார வேலை பார்க்கிறாள். 2007 ஆனியில், சங்கு ஊதும் ஆண்டியப்பன் ஓய்வுபெறும் நாள் நெருங்கியதால், நேரம் பார்த்துத் தானாக ஊதும் பெட்டி ஒன்றை அவளே செய்து மாட்டினாள். உள்ளே ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப். நேரம் வந்ததும் சிப்பின் ஒரு கால் ரிலே என்ற மின்சுவிட்சைத் தூண்டும், ரிலே சங்கை முழக்கும். ஒரே நீளமாக ஊதினால் வேலை நேரம். விட்டு விட்டு ஊதினால் மலை சரிகிறது, லயத்தை விட்டுக் கோயிலுக்கு ஓட வேண்டும்.

ஆனால் ரிலேயைத் தூண்டிய கையோடு சிப் அணைந்து ரீசெட் ஆனது. சங்கு நின்றது. சிப் விழித்துக் கடிகாரத்தைப் பார்த்தது, ஊதும் நேரம்தானே என்று மறுபடி தூண்டியது, மறுபடி ரீசெட். நீளமாக வர வேண்டிய ஊதல் விட்டு விட்டு வந்தது. மூன்று தடவை சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினார்கள். பூரணியின் அம்மா ராசம்மா சித்தியும் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், பிரஷர் மாத்திரை எல்லாம் போட்ட பையோடு ஓடினார். லயத்தில் அவருடைய காம்பரா, அந்த ஒற்றை அறை, மண் சரியும் மேட்டுக்கு நேர் கீழே. இப்போது பை வெறுமையாக ஆணியில் தொங்கியது.

"ஏம்மா பைய காலி பண்ணின?"

"நனஞ்சதுதான்டி மிச்சம். இனி ஒன் சங்கு கத்துனா இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துக்குவேன்."

"நெசமாவே மண்ணு வந்தா?"

"நெசம்னு அது எப்புடிச் சொல்லும்?"

பூரணி பெட்டியைக் கழற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். வெளியே மழை விடவில்லை.

சிப்பை மாற்றினாள். ரிலேயை மாற்றினாள். வீட்டு மேசையில் வைத்தால் பெட்டி சொன்னபடி கேட்டது. ஸ்டோர்ச் சுவரில் மாட்டினால் பழைய கதை.

"என்னைய வெரட்டத்தானே புள்ள இதச் செஞ்ச? அது என்னையத் தேடி அழுவுது," என்றார் ஆண்டியப்பன்.

"சும்மா இருங்க மாமா. நா சொல்றப்ப பொத்தான அமுக்குங்க."

சங்கின் வயரைக் கழற்றிவிட்டு, மீட்டரைச் சிப்புக்கு வரும் மின்சாரத்தில் பிடித்தாள். அவர் அமுக்கினார். ரிலே 'டக்' என்றது. ஐந்து வோல்ட் சடாரென்று நான்குக்குக் கீழே விழுந்தது. சிப் செத்துப் பிழைத்தது. பலம் எங்கே போகிறது? வயர் வயராகத் தடவிக்கொண்டு போன கை, மேலே மாரியம்மன் படத்தில் போய் நின்றது.

பெட்டி மாட்டிய அன்று தேங்காய் உடைத்துப் பூசை வைத்தார்கள். கரண்ட் போனாலும் அம்மன் விளக்கு அணையக் கூடாது என்றார்கள். பூரணியேதான் அந்தச் சிவப்புப் பல்புக்குப் கரண்ட் போனால் கைகொடுக்கப் பெட்டிக்குள் வைத்திருந்த பெட்டரியிலிருந்து வயர் இழுத்தாள். பல்பு இரவு பகலாக எரிந்தது. மழைக்குக் கரண்ட் போய்ப் போய் வந்ததில் பெட்டரி நிரம்பவே இல்லை. ரிலே இழுத்ததும் மிச்சமும் படுத்துவிட்டது. வீட்டு மேசையில் அம்மன் இல்லை.

"அப்ப வெளக்க அணைச்சிருவோமா மாமா?"

"அடியே! மொதல்ல கன்னத்துல போட்டுக்க!"

போட்டுக்கொண்டாள். அம்மனுக்குத் தனிப் பெட்டரி வைத்தாள், ரிலேக்குத் தனி, சிப்புக்குத் தனி.

மறுநாள் வேலை விடும் நேரம் அவள் ஸ்டோரில் நிற்கவில்லை. சித்தியின் வாசலில் நின்றாள். சங்கு நீளமாக ஊதி ஓய்ந்தது. லயத்து வாசல்களில் எல்லாரும் அடுத்த ஊதலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அது வரவில்லை. சித்தி உள்ளே போனார்.

அடுத்த வாரம் பூரணி போனபோது பை கதவடியில் உப்பலாக இருந்தது.

"மாத்திரையும் வச்சியாம்மா?"

"வச்சேன், வச்சேன். ஒன் சங்க நம்பி இல்ல, மழையப் பாத்து."

லண்டனில் இருக்கும் எனக்கு இதைச் சொல்லத்தான் பூரணி அன்று போன் எடுத்தாள். இன்றைக்கும் அவள் பேசும்போது பின்னால் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டால், சுகம் விசாரிப்பதற்கு முன்னால் கேட்டுவிடுகிறேன்: பை எங்கே இருக்கிறது, கதவடியிலா, ஆணியிலா?