மப்ளர் கட்டிய கார்

தங்கராசு மாமா சேலம் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று வெள்ளக்கடை பஸ் கண்டக்டர் வந்து சொன்னார். நான் நம்பவில்லை. பஸ் பஞ்சர் என்று கத்தி அவரைப் பலமுறை இறங்க வைத்தவன் நான். பழி தீர்க்கிறார் என்று நினைத்தேன். அவர் என் தோளில் கை வைத்த பிறகுதான் புரிந்தது.

டாக்ஸி ஸ்டாண்டில் மாமாவோடு டீ குடித்து, இன்று அவருக்காக இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு அவருடைய காரைத் தெரியும். பின்சீட்டுக்கு மேலே, கூரையில் தனி ஏ.சி. பெட்டி. குளிரான நம் மலையூரில் அதற்கு வேலையில்லை. சேலம் இறங்கினால்தான் போடுவார். போன வருடம் குளிர்காலம் முடிந்து முதன்முதலாகப் போட்டபோது, பின்னால் இருந்த விடுதி விருந்தாளிகளின் தலையில் தண்ணீர் கொட்டியது. இன்னொரு முறை ஒழுகினால் வேறு வண்டி வைத்துக்கொள்வதாக விடுதி மேனேஜர் சொல்லிவிட்டார். மாமாவின் பிழைப்பே அந்த விடுதிச் சவாரிதான்.

மறுநாள் மத்தியானமே அடுத்த சவாரி. காலையில் நானும் மாமாவும் பெட்டியைக் கழற்றினோம். மூடி, வலை, ஃபேன் எல்லாம் சீட்டில் பரப்பியாயிற்று.

“ஊருக்கு ஏரி வெளிய இருக்குதுங்க மாமா. உங்க காருக்கு உள்ளயே இருக்குது.”

“படகு உடறயா சாமி? மொதல்ல வாயில வெச்சிருக்கற ஸ்க்ரூவ முழுங்காம குடு.”

உள்ளே எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. அடித்தட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார், இறங்கவில்லை. வண்டிக்கடியில் படுத்து, தண்ணீர் வெளியேறும் குழாயைத் தடவினார். நுனியில் துணி அடைத்திருந்தது. இழுத்ததும் மொத்தத் தண்ணீரும் அவர் முகத்தில்.

துணியைப் பார்த்த மாமாவின் மனைவி செல்வி அத்தையின் முகம் வெளுத்தது. “மார்கழில பின்சீட்டுல உக்காந்தப்ப அதுவழியா குளுருக்காத்து வந்து பின்னங்கழுத்துல நொம்ப குத்துச்சுங்க. நாந்தான் அடைச்சுப்புட்டேன்.”

மாமா பதில் சொல்வதற்குள் மேனேஜர் வாசலுக்கே வந்துவிட்டார். “என்ன தங்கராசு, யாரு பண்ணுன கோளாறு?”

அத்தை தலை குனிந்தார். மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

“கோளாறெல்லாம் இல்லீங்க. குளுருக்கு எங்க ஊட்ல எல்லாரும் மப்ளர் கட்டுவமுங்க. வண்டிக்கும் ஒண்ணு கட்டி உட்டிருந்தமுங்க. அவுத்தாச்சுங்க.”

மேனேஜர் சிரித்துவிட்டார். அத்தையும் சிரித்தார். மத்தியானம் வண்டி ஒரு சொட்டு ஒழுகாமல் சேலம் போய்ச் சேர்ந்தது.

நானும் ஊரைச் சிரிக்க வைப்பவன்தான். ஆனால் என் வேடிக்கையில் யாராவது ஒருவர் மாட்டிக்கொண்டு முழிப்பார். மாமாவின் வேடிக்கையில், மாட்டிக்கொண்டு முழித்தவர் தப்பித்துவிட்டார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்த வித்தையைத்தான்.