பலெர்மோவிலிருந்து பாரிஸுக்கு ரயிலில், மொடான் வரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையில் ஈபிள் கோபுரம் வராது. பாரிஸும் வராது. இத்தாலியிலிருந்து அதிவேக ரயிலில் பிரான்ஸுக்குப் போக நினைப்பவர்கள், முக்கியமாக எங்களைப்போல் பெர்மெசோ என்ற இத்தாலிய வதிவிட அட்டையில் வாழ்கிறவர்கள், இதை வாசித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். நான் ஒன்றையும் வாசிக்காமல் போட்டவள்.

போனது சென்ற ஓகஸ்டில். பலெர்மோவில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலிய அம்மாவை, பார்த்துக்கொள்வது என் வேலை. கோடையில் அவர் மொண்டெல்லோவில் உள்ள கடற்கரை வீட்டுக்குப் போவார், நானும் கூடப் போவேன். ஊரே கடலில் குளிக்கும், நான் அங்கேயும் சட்டி கழுவுவேன். சென்ற வருடம் அவருடைய மகள் வந்து நின்றதால் எனக்கு ஒன்பது நாள் லீவு கிடைத்தது. ஒன்பது நாளையும் என் தங்கை வதனிக்குக் கொடுப்பதென்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். வதனி பாரிஸில் ஹோட்டல் அறைகள் துப்புரவு செய்கிறாள். கடைசியாக அவளைக் கட்டிப்பிடித்தது கட்டுநாயக்க விமான நிலைய வாசலில், பதினேழு வருடங்களுக்கு முன்.

பக்கத்து நாடுதானே, பதினேழு வருடமா என்று கேட்பீர்கள். முதலில் அவளுக்கு விசா இல்லை. பிறகு எனக்கு வேலை இல்லை. பிறகு அவளுக்கு இரண்டு பெடியங்கள், எனக்கு ஒரு பெட்டை. இதற்கிடையில் வட்ஸ்அப் வந்தது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் முகத்தைப் பார்த்துக் கதைத்ததில், சந்தித்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று இருவரும் நம்பிவிட்டோம். ஆனாலும் மனம் கேட்காது. பலெர்மோவின் வியா மக்வேதா தெருவில் அக்காவும் தங்கையுமாக யாராவது கைகோத்துக்கொண்டு கடை பார்த்து நடந்தால், அன்றைக்கு முழுக்க எனக்கு ஒன்றும் பிடிக்காது.

விமானத்தில் போனால் இரண்டரை மணித்தியாலம்தான். ஆனால் ஓகஸ்டில் போய்வர 310 யூரோ காட்டியது, பெட்டிக்கு வேறாக. ரயிலில் யாரும் பெட்டியை நிறுப்பதில்லை. எனக்கு அது முக்கியம், ஏனென்றால் வதனி கேட்டது எலுமிச்சம்பழம். பாரிஸ் தமிழ்க் கடைகளில் முருங்கைக்காயிலிருந்து பனங்கிழங்கு வரை கிடைக்கும், ஆனால் ஊறுகாய்க்குச் சிசிலி எலுமிச்சைதான் வேண்டும் என்பாள். கோடையில் வரும் பச்சைத் தோல் பழத்தில் எட்டுக் கிலோ வாங்கினேன்.

இனி என் மடைத்தனத்தைச் சொல்கிறேன். என் பெர்மெசோ, அதாவது வதிவிட அட்டை, காலாவதியாகிப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். கையில் இருந்தது தபால் கந்தோரில் தந்த ரசீதுத் துண்டு மட்டும். இத்தாலியில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு அந்தத் துண்டு சாமிப்படம் மாதிரி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருப்போம். அதைக் காட்டி வேலை செய்யலாம், டொக்டரிடம் போகலாம். முந்திய முறை அதே மாதிரித் துண்டோடு நான் யாழ்ப்பாணம் போய்த் திரும்பியும் வந்திருக்கிறேன். அவ்வளவு தூரம் பறந்து போய் வர விடுகிறார்களென்றால், பக்கத்து நாட்டுக்கு ஒரு சுரங்கத்தைத் தாண்ட விடமாட்டார்களா?

“க்வெஸ்தூராவிலை ஒருக்காக் கேட்டுப்போட்டுப் போமன்” என்றார் என் கணவர். க்வெஸ்தூரா என்பது அட்டை கொடுக்கும் பொலிஸ் கந்தோர்.

“ஓகஸ்டிலை அங்கை ஆர் இருக்கப்போகினம்? உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்” என்று அவர் வாயை அடைத்தேன். பிழை என்னுடையதுதான், வேறு யாருடையதும் இல்லை.

வெள்ளிக்கிழமை பகல் 1.50க்கு பலெர்மோவின் பிரதான நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் மிலானோ ரயில். இது அதிவேக ரயில் அல்ல, சிசிலியில் அது கிடையாது. நால்வர் அறையில் ஒரு படுக்கை 79 யூரோ. சிசிலி தீவு என்பதால், மெசினாவில் ரயில் பெட்டிகளைப் பிரித்து அப்படியே கப்பலுக்குள் தள்ளுவார்கள். கடலில் இருபது நிமிடம், ஏற்றி இறக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நீங்கள் படியேறி மேல்தளத்துக்குப் போகலாம். கட்டாயம் போங்கள், கீழே வெக்கை. நான் மேலே நின்று வதனிக்கு வீடியோவில் காட்டினேன்.

“ரயில் கப்பலுக்கையோ? சும்மா கதை விடாதை.”

“வந்து பாரன்.”

“நீ முதல் வா” என்றாள்.

சனிக்கிழமை காலை 10.10க்கு மிலானோ. பாரிஸ் ரயில் பிற்பகல் 3.53க்குத்தான். தெற்கிலிருந்து வரும் ரயில் பிந்தும் என்பதால் வேண்டுமென்றே இடைவெளி விட்டிருந்தேன், நீங்களும் குறைந்தது நான்கு மணித்தியாலமாவது விடுங்கள். ஆறு கிழமை முன்னரே போட்டதால் 49 யூரோ. கடைசி நேரத்தில் இதுவே இரண்டு மடங்குக்கு மேல் போகும். தூரின் வரை ரயில் பறந்தது, பெட்டியிலுள்ள திரையில் 298 கிலோமீற்றர் என்று காட்டியது. எனக்கு வேகம் பயமில்லை, போதாது என்றுதான் இருந்தது. தூரின் தாண்டியதும் மலை. அதிவேக ரயில் என்று காசு வாங்கிவிட்டு, அங்கே மாட்டுவண்டி மாதிரித்தான் போவார்கள், பாதை பழையது. பார்தொனெக்கியாவுக்குப் பிறகு பதின்மூன்றரைக் கிலோமீற்றர் சுரங்கம். வெளியே வந்தால் பிரான்ஸ். முதல் நிலையம் மொடான்.

மொடானில் பொலிஸ் ஏறியது. எல்லோரிடமும் கேட்டார்கள், என்னிடம் மட்டும் அல்ல. கடவுச்சீட்டையும் துண்டையும் கொடுத்தேன். இளம் அதிகாரி துண்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, “அட்டை எங்கே?” என்று இத்தாலியனில் கேட்டார். புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன் என்றேன். “இதோடு உங்கள் நாட்டுக்கு நேரே போய் வரலாம். இங்கே வர முடியாது” என்றார். என்னை இறங்கச் சொல்லி, என் பெட்டியைத் தூக்கியவர் ஒரு தரம் கீழே வைத்துவிட்டு உள்ளே என்ன என்று கேட்டார். எலுமிச்சம்பழம் என்றேன். திறந்து பார்த்தார், எலுமிச்சம்பழம்தான். ரயில் என்னை விட்டுவிட்டுப் போனது. எல்லோரும் ஜன்னலால் பார்த்துக்கொண்டு போனார்கள். வெட்கத்தில் எனக்கு அழுகை வரவில்லை, அது பிறகு வந்தது.

நிலையத்துப் பொலிஸ் அறையில் அவர்கள் கடுதாசி எழுதி முடிக்கும்வரை ஒரு கதிரையில் இருந்தேன். வதனிக்குப் போன் எடுத்தேன்.

“எங்கை நிக்கிறாய்?”

“மொடானிலை.”

“அப்ப பிரான்ஸுக்குள்ளை வந்திட்டாய்!”

“வந்திட்டன். திருப்பி அனுப்பப் போகினம்.”

பின்னால் குழாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது, அவள் அதை மூட மறந்துவிட்டாள். கடைசியாக, “தூரினிலை நில்லு, நாளைக்கு நான் வாறன்” என்றாள்.

“உனக்கு வேலை?”

“நாளைக்கு ஞாயிறு. திங்கள் விடிய ஆறு மணிக்கு நிண்டால் சரி. கதையாதை, டிக்கெட் போடவேணும்.”

ஒரு வாகனத்தில் மலைக்குள்ளால் திருப்பிக் கொண்டுவந்து இத்தாலியப் பொலிஸிடம் விட்டார்கள். மரியாதையாகத்தான் நடந்தார்கள். பார்தொனெக்கியாவிலிருந்து தூரினுக்குச் சாதாரண ரயில், ஒன்றேகால் மணித்தியாலம், 7 யூரோ 60. போர்த்தா சூசா நிலையத்துக்குப் பக்கத்தில் 62 யூரோவுக்கு ஓர் அறை எடுத்தேன். சுத்தம், ஆனால் விசிறி இல்லை.

ஞாயிறு 12.21க்கு அவளுடைய ரயில் வந்தது. நான் பதினொரு மணியிலிருந்து நின்றேன். ஆட்கள் இறங்கி வந்தார்கள், எல்லாருக்கும் பின்னால் அவள் வந்தாள். வந்தாள் என்று எழுதிவிட்டேன், உண்மையில் வலது காலை இழுத்து இழுத்து வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு நாளும் தவறாமல் நான் பார்த்த முகம் அது. ஆனால் வட்ஸ்அப்பில் மனிசர் நடப்பதில்லை. கழுத்துக்குக் கீழே என் தங்கைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

கட்டிப்பிடித்து அழுது முடிந்ததும் கேட்ட முதல் கேள்வி, “காலுக்கு என்னடி?”

“முழங்கால். படி ஏறி இறங்கித்தான். ஒண்டுமில்லை.”

“எப்ப துவக்கம்?”

“மூண்டு வருசம் இருக்கும்.”

“மூண்டு வருசமோ? விசரி, ஒவ்வொரு நாளும் கதைக்கிறனீ, வாயிலை என்ன கொழுக்கட்டையே?”

“நீ கேக்கேல்லை” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு நெஞ்சு கொதித்தது, அவள் மேல் பாதி, என் மேல் பாதி.

நான்கு மணித்தியாலமும் முப்பத்தாறு நிமிடமும். தூரினில் பார்க்க எவ்வளவோ இருக்கிறதாம், நாங்கள் நிலையத்துக்கு வெளியே உட்காரும் ஒரு வாங்கைத் தாண்டவில்லை. அவள் கட்டிக்கொண்டு வந்த புட்டையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் மடியில் வைத்துச் சாப்பிட்டோம். முதல் அரை மணித்தியாலம் கதை வரவில்லை. போனில் வாய் மூடாதவர்கள், பக்கத்தில் இருந்துகொண்டு என்ன கதைப்பது என்று தெரியாமல் இருந்தோம். பிறகு அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கதைக்கத் தேவையும் இருக்கவில்லை. அவளுடைய தோளின் சூட்டைத் தேடித்தான் நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. அவளை ஒரு கிழமை என்றாலும் வைத்திருந்து காலுக்கு எண்ணெய் பூசிவிட ஆசையாக இருந்தது.

திரும்பும் ரயில் 16.57. அதிவேக ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விடயம்: ரயில் நீளம், நிற்பது மூன்று நான்கு நிமிடம். உங்கள் ரயில் பெட்டி எந்த முனையில் வரும் என்று பலகையில் முன்னரே பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. அவளுடைய பெட்டி மற்ற முனையில் வந்தது. அவளால் ஓட முடியாது. பையில் எட்டுக் கிலோவையும் போட்டால் அவள் நிற்கவே மாட்டாள் என்று தெரிந்து, ஆறே ஆறு பழம்தான் கொடுத்திருந்தேன். அதையும் நானே தூக்கிக்கொண்டு, மற்றக் கையால் அவளைத் தாங்கி, கிடைத்த கதவில் ஏற்றிவிட்டேன். “உள்ளாலை நடந்து போ” என்றேன். கதவு மூடியது. கண்ணாடி கறுப்பு, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. எந்த ஜன்னலில் அவள் என்று தெரியாமல் எல்லா ஜன்னலுக்கும் கை காட்டினேன். வந்தபோது பிடித்திருந்த வேகம் அப்போது பிடிக்கவில்லை.

மிச்ச எலுமிச்சம்பழத்தைச் சிசிலிக்கே திருப்பிக் கொண்டுவந்தேன். அதை வைத்து இன்றைக்கும் என் கணவர் பகிடி விடுகிறார், விடட்டும்.

நீங்கள் செய்யவேண்டியது இவ்வளவுதான். அட்டை கைக்கு வராமல் எல்லை தாண்டும் டிக்கெட் போடாதீர்கள். அட்டை, கடவுச்சீட்டு இரண்டும் மூலப்பிரதியாகக் கையில் இருக்கவேண்டும், போனில் எடுத்த படம் உதவாது. அட்டை வரப் பிந்தினால், அங்காலே இருப்பவர்களைத் தூரினுக்கு வரச் சொல்லுங்கள், பாரிஸிலிருந்து ஐந்தரை மணித்தியாலம்தான். வதனி கடைசி நேரத்தில் போட்டதால் போகவர 226 யூரோ கொடுத்தாள். முன்னரே போட்டால் பாதிக்குள் முடியும். ஓர் இரவாவது தங்கச் சொல்லுங்கள். நான்கரை மணித்தியாலம் போதாது, ஒன்றுக்கும் போதாது.

என் அட்டை ஒக்டோபரில் வந்தது. அடுத்த லீவு எப்போது என்று சிஞ்ஞோரா இன்னும் சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு பின்னேரமும் கதைக்கத் தொடங்குமுன் வதனியைப் போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு எழும்பி நடக்கச் சொல்கிறேன். சினந்துகொண்டே கதவுவரை போய்த் திரும்பி வருவாள். டொக்டரிடம் காட்டத் தொடங்கிய பிறகு கொஞ்சம் குறைவு, ஆனாலும் சரிகிறாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன், பக்கத்தில் போய்த் தாங்க முடியாது. முந்தநாளும் அப்படி நடந்து வந்து போனை எடுத்தாள்.

“இப்ப நீ நட அக்கா, பாப்பம்” என்றாள்.