கப்பல்துறை வாசலில் ஒரு துட்டி

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நான்காம் வகுப்போடு நின்றவன். பெரிய றவும் சின்ன ரவும் இன்னும் என்னை ஏமாற்றுகின்றன. அச்சில் போடுகிறவர்கள் பொறுத்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இந்த லிவர்பூலில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சன்னல் திரையை இழுத்து மூடிவிடுகிறார்கள். அழைப்பு இல்லாமல் அடுத்த வீட்டுக்காரனும் போவதில்லை. என் அறைக்குக் கீழே இருந்த கிழவர் இறந்தது, பெட்டி வெளியே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கீழே போய் நிற்கலாமா, கூடாதா என்று படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன். எங்கள் தூத்துக்குடியில் துட்டிக்கு, அதாவது சாவு விசாரிக்கப் போக, யாரும் அழைப்பு பார்ப்பதில்லை. என் அக்காள் புருஷன் சங்கு குளிக்கிறவர். குளிப்பு இல்லாத காலத்தில் கொழும்புத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனவர், ஜப்பான்காரன் விமானம் போட்ட குண்டில் அங்கேயே போய்விட்டார். உடல்கூட வரவில்லை. ஆனாலும் துட்டி கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வள்ளம் கட்டுகிற இடத்துக்காக அவரோடு அடித்துக்கொண்டு முகம் பாராமல் இருந்தவர்தான் முதலில் வந்தார். வாசலில் நின்ற என் கைகளைத் தம் இரண்டு கையாலும் தொட்டார். பேசவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, துட்டி வீட்டு வழக்கப்படி, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்.

உலகச் சண்டை முடிந்ததும், கப்பலில் வேலை பார்த்த நான் இங்கே இறங்கி, துறைமுகத்துக் கொதிகலன் அறையில் கரி தள்ளினேன். வேலையை நிரந்தரமாக்குவதாகப் போர்மன், அதாவது மேஸ்திரி, சொல்லியிருந்தார். அக்காள் வீட்டு அடுப்பு அதை நம்பித்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்தால், துறைமுக வாசலுக்கு எதிரே ஆணும் பெண்ணுமாகச் சிலர் கறுப்பு உடுத்தி, தலை குனிந்து, பேச்சில்லாமல் நின்றார்கள். கழுத்தில் ஏதோ எழுதிய அட்டை. செத்தவர் பெயராக்கும் என்று நினைத்தேன். நான் கடையில் ரொட்டி கேட்கவே கூச்சப்படுகிறவன். ஆனால் துட்டிக்குப் பேச வேண்டியதில்லையே. ஒவ்வொருவர் கையாகத் தொட்டேன். சிலர் திகைத்தார்கள். கடைசியில் நின்ற தலை நரைத்த அம்மாள் என் கையை விடவே இல்லை.

என் அறையில் கூட இருக்கிறவர் காயல்பட்டினத்து மீரான் காக்கா (அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்), கப்பல் சமையல்காரர். இங்கிலீஷ் வாசிப்பார். அவர்தான் பார்த்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஏலே சூசை, அங்கன என்னலே செஞ்ச?"

"துட்டி கேட்டேன், காக்கா."

"யாருக்கு? அணுகுண்டு வேண்டாம்னு நிக்கிற கூட்டம்லே அது. ஜப்பான்ல ரெண்டு ஊரு சாம்பலாப் போச்சுல்லா, அதுக்குத்தான் தலை குனிஞ்சு நிக்காங்க. இப்ப அந்தக் குண்டைக் கடல்ல போட்டு வெடிச்சுப் பாக்காங்களாம், அதையும் நிறுத்தச் சொல்லுதாங்க. நீ உன் மச்சானைக் கொன்னவனுக்குத் துட்டி கேட்டுட்டு வந்திருக்க. உங்க அக்காவுக்கு எழுதிப் போடுலே, ரொம்பச் சந்தோசப்படுவா."

அன்று ராத்திரி படுத்துக்கிடந்தேன். குண்டு வெடிக்கிற அந்தக் கடலிலும் மூச்சை அடக்கிக் குளிக்கிறவன் இருப்பானே என்று மனதில் ஓடும். உடனே மச்சான் முகம் வரும். பிறகு, வள்ளம் கட்டுகிற இடத்துக்காகச் சண்டை போட்டவரின் கை.

நான் அவர்களோடு நின்றதைப் பார்த்திருந்த போர்மன் திங்கட்கிழமை கூப்பிட்டார். "யூ வித் தெம்?" வழி தவறிப் போனேன் என்று சொல்லும்படி மீரான் காக்கா இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்திருந்தார். அதைச் சொன்னால் வேலை தங்கும். நுனி நாக்குவரை வந்தது. ஆனால் துட்டிக்குப் போய்விட்டு, போகவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "எஸ் சார். பீப்பிள் டெட்" என்றேன். அவர் முகம் சிவந்தது. தம் தம்பி ஜப்பான்காரன் முகாமில் பட்டினியில் செத்தான் என்றார். எனக்கு அது தெரியாது. உடனே துட்டி கேட்க இரண்டு கையையும் அவரிடம் நீட்டினேன். வேலைக்காகக் கெஞ்சுகிறேன் என்று எடுத்துக்கொண்டார். "நோ யூஸ்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதை எப்படி விளக்குவது?

நிரந்தர வேலை போய், இப்போது தினமும் காலையில் அன்றாடக் கூலிகளோடு அதே வாசலில் நிற்கிறேன். போர்மன் விரல் காட்டுகிற ஆள் உள்ளே போகலாம். சில நாள் என்னையும் காட்டுகிறார். சனிக்கிழமைகளில் எதிரே அவர்கள் வந்து நிற்கிறார்கள். அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் சற்று விலகி, பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விடுகிறாள். அங்கே போய் நின்றால் அந்த விரல் என் பக்கம் திரும்பவே திரும்பாது. நேற்று மழையிலும் அந்த இடம் காலியாகவே இருந்தது. நான் கூலிக்காரர் வரிசையில் நின்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றவன் முதுகில் தட்டி, முன்னே நகரச் சொன்னான்.

17 நவம்பர் 1946, ஞாயிற்றுக்கிழமை.