பயறுதின்னியின் பாக்கி

கூலிபாலி வீட்டு மகன் பாந்தியுகு, கெய்த்தா வீட்டு மகள் நியெலேவுக்கு நாற்பத்தைந்து பிராங்க் தர வேண்டும். காராமணி வடை தின்ற கடன்.

சிராகோரோ சந்தையில் வடை என்றால் நியெலேதான். மற்றவர்கள் சுட்டதெல்லாம் எண்ணெயில் விழுந்த மண்ணாங்கட்டி. ஆற்றங்கரைப் படைமுகாமில் சிப்பாயாக இருந்த பாந்தியுகு முதல்நாள் வந்து குலப்பெயரைச் சொன்னதுமே அவள் கரண்டியை ஓங்கினாள்.

"கூலிபாலியா? அதானே! பயறு வாசம் புடிச்சு வந்திருக்கே பயறுதின்னி!"

"கெய்த்தா சுட்டதைக் கூலிபாலி தின்னா, அடிமை எசமானுக்குப் படைச்சதா அர்த்தம். அதுக்குக் காசு வேறயா?"

கெய்த்தா குலமும் கூலிபாலி குலமும் கேலிமுறை. பயறுதின்னி, அடிமை என்று ஒருவரையொருவர் எவ்வளவு திட்டிக்கொண்டாலும் கோபம் வரக்கூடாது. கேட்டதை இல்லையென்று சொல்லக்கூடாது. எழவு வீட்டில்கூடக் கேலியை விடக்கூடாது. ஒருவர் ரத்தத்தை ஒருவர் சிந்தவே கூடாது. பாட்டன் பூட்டன் செய்த சத்தியம் அது. ஆகவே சம்பளம் வராத மாதங்களில் அவன் தின்றுகொண்டே இருந்தான், அவள் திட்டிக்கொண்டே போட்டாள். ஒருநாள் முகாமை வடக்கே மாற்றிவிட்டார்கள். பாக்கி அப்படியே நின்றது.

சிப்பாய் அதிகாரியானான், அதிகாரி தளபதியானான். ஒரு விடியற்காலை வானொலியில் வெறும் படைமுழக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. அது நின்றதும், ஆட்சி இனி படையின் கையில் என்று அவன் குரல் வந்தது.

மீன்காரி சித்தான் ஓடிவந்தாள். "அக்கா, உன் கடன்காரன் ஜனாதிபதி ஆயிட்டானாம்!"

"ஆகட்டும். அந்தப் பதவியும் என் வடை போட்ட சதைதான்னு ஊருக்குச் சொல்லு."

சும்மா சொல்லவில்லை. நியெலேவும் அதற்குள் வளர்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவள், ஒற்றை மண்சட்டியில் தொடங்கி, தகரக்கூரை வீடு கட்டினாள், மாவரைக்கும் இயந்திரம் வாங்கினாள். புருஷன் செத்த பிறகு யார் வாசலிலும் போய் நின்றதில்லை. ஒரே மகன் மொரிபாவை வாத்தியார் வேலைக்குப் படிக்கவைத்தாள். இந்த ஊரில் முன்னுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. அடுத்தவன் தோளைப் பிடிக்காமல் எழுந்தவள் அவள் ஒருத்திதான்.

ஆற்றுத் திருவிழாவுக்கு ஜனாதிபதி வந்தபோது கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னே போய் நின்றாள்.

"ஏ பயறுதின்னி! என் காசு எங்கடா?"

காவல்காரர்களின் துப்பாக்கி நிமிர்ந்தது. அவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "நாட்டுக் கஜானாவே காலியாக் கெடக்கு கெழவி. அடுத்த வருஷம் வா!"

ஒவ்வொரு திருவிழாவிலும் இதுதான் கூத்து. வேறெவனாவது அப்படிக் கேட்டிருந்தால் வீடு திரும்பியிருக்க மாட்டான். அவள் கேட்பாள். அவர் கொடுக்க மாட்டார். கொடுக்கவேண்டாம் என்பதுதான் அவள் ஆசையும். பாக்கி இருக்கும்வரை அவர் அவளுடைய ஆள்.

பிறகு வாத்தியார்கள் வேலைநிறுத்தம் செய்த வருஷம் வந்தது. சம்பளம் கேட்டு ஊர்வலம் போனவர்களில் மொரிபாவும் ஒருவன். பின்னிரவில் லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. வடக்கே பாலைவனத்து உப்புச் சுரங்கச் சிறை என்றார்கள். அங்கே போனவர்களைப் பற்றி ஊரில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. நியெலே ஏறாத அலுவலகம் இல்லை. எங்கும் ஒரே பதில்: "பேரே இல்லையேம்மா."

அடுத்த திருவிழா வந்தது. "இந்த வருஷம் வாயைத் திறக்காதே அக்கா. காலம் சரியில்லை" என்று சித்தான் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நியெலே உதறிவிட்டுப் போனாள்.

"ஏ பயறுதின்னி!"

அவர் சிரித்தபடியே பையைத் தட்டக் கையெடுத்தார்.

"காசு வேணாம்டா. நீயே வெச்சுக்க. என் மொரிபாவைக் குடு."

கை பையிலேயே நின்றது.

"வாத்தியாருடா. உன்னை மாதிரி துப்பாக்கி தூக்கத் தெரியாது. வெயில் தாங்க மாட்டான்."

"விசாரிக்கிறேன்."

"விசாரிக்கிறதெல்லாம் ஊராருக்கு. நான் கெய்த்தா, கேட்டா நீ குடுத்தாகணும். ரெண்டுல ஒண்ணு. பையனைக் குடு. முடியலேன்னா என் காசை எண்ணி வை. அதோட நமக்குள்ள ஒண்ணுமில்லேன்னு நான் தெரிஞ்சுக்கறேன்."

வண்டி நகர்ந்தது. அவள் வீட்டுக்கு வந்து மகன் அறையைச் சாணமிட்டு மெழுகினாள். உப்பில் புண்ணான கால்களுக்குத் தடவ நெய் வாங்கிவைத்தாள். "குடுத்துடுவான். அவன் பயறுதின்னிதான், ஆனா சத்தியம் தெரிஞ்ச பயறுதின்னி" என்று வடை வாங்க வந்தவரிடமெல்லாம் சொன்னாள்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு மத்தியானம், கொடியில்லாத வண்டியொன்று சந்தை முனையில் நின்றது. அவர் இறங்கித் தனியாக நடந்து வந்தார். சந்தையே எழுந்து நின்றது. நியெலே மட்டும் எழவில்லை. அவள் கண் அவர் முதுகுக்குப் பின்னால் வண்டியின் கதவில் இருந்தது.

"வா பயறுதின்னி. வண்டியில யாரு? எறங்கி வரச் சொல்லு."

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"என்னடா, அடிமைக்கு மரியாதையெல்லாம் பலமா இருக்கு?"

அவர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வாயில பயறா வெச்சிருக்கே? கெய்த்தா திட்டறேன், திருப்பித் திட்டுடா!" அவள் குரல் உடைந்தது. "கெழவின்னு சொல்லு. அடிமைன்னு சொல்லு. ஏதாவது சொல்லேன்டா!"

அவர் உதடு அசைந்தது. கேலி வரவில்லை. சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். எண்ணெய் புகைந்து, சட்டியிலிருந்த வடை கருகிக்கொண்டிருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. அவரும் போகவில்லை. நாட்டையே நிற்கவைத்தவர், வெயிலில், கையை நீட்டியபடி நின்றார்.

வெகுநேரம் கழித்து நியெலே வலதுகையை முன்னே கொண்டுவந்தாள். மாவு காய்ந்திருந்த உள்ளங்கையை விரித்தாள். சந்தைக் கணக்கில், ஐந்து பிராங்க் காசுகளை ஒவ்வொன்றாக, நாற்பத்தைந்து வரை அவர் அதில் எண்ணி வைத்தார்.