விரதம் முடித்து வந்தவன்

சங்ககிரிப் பட்டறையில் அவன் லாரி நிற்கிற நாட்கள்தான் எனக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம். குமாரபாளையத்தில் ஒரு தறிக்கூடத்தில் நெய்த லுங்கிகளை மடித்துக் கட்டுப் போடுகிறவன் நான். அவனிடமிருந்து போன் வந்தால் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடுவேன். போன் வராத வாரங்களில் நிஜமாகவே காய்ச்சல் வரும். வடக்கே லோடு ஓட்டிக்கொண்டு நாக்பூர் தாண்டிவிட்டால் அவன் பதில் போடமாட்டான். செய்தியைப் பார்த்தானா, பார்த்தும் ஏன் பேசவில்லை, வேறு எவனாவது கிடைத்துவிட்டானா என்று செல்லையே வெறித்து, மடிப்பைத் தப்பாகப் போட்டு மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். முப்பத்தொரு வயசு ஆள் செய்கிற காரியமா இது? சீ!

அவனுக்கு முன்னால் பழகியவர்களிடம் நான் படு கறார். ஆணுறை இல்லை என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அவர்கள் கோபித்துக்கொண்டு போனால் எனக்கென்ன? இவன் போய்விட்டால்? ஆனாலும் ஒரு வருஷம் எப்படியோ சொல்லிச் சமாளித்தேன். அவனும் முனகிக்கொண்டே போட்டுக்கொண்டான்.

தை மாதம் சபரிமலைக்குப் போய் வந்து, மாலையைக் கழற்றியதும் நேராக என்னிடம் வந்தான். நாற்பத்தெட்டு நாள் விரதம். அத்தனை நாளும் என் கையைக்கூடத் தொட்டதில்லை. லாட்ஜ் அறையில் நான் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்ததும் அவன் முகம் மாறியது.

"வெரதம் இருந்துட்டு வந்தவனுக்கு இது எதுக்குடா? என்ற மேல சந்தேகமா?"

"சந்தேகமெல்லாம் இல்லீங்க..."

"அப்பறம் என்ன? வேண்டாம்னா உடு, நான் ஊட்டுக்குப் போறேன்."

சட்டையை எடுத்தான். நான் பாக்கெட்டைத் திரும்பப் பைக்குள் போட்டேன். விரதம் இருந்தவன் சுத்தம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நம்பவும் செய்தேன், அதுதான் கொடுமை.

அடுத்த வாரமே பயம் பிடித்துக்கொண்டது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். அங்கிருந்த ஆலோசகர் அம்மாவிடம் விரதக் கதையையும் உளறினேன். அவர் சிரிக்கவில்லை.

"முன்னாடியே ஒடம்புல கிருமி இருந்தா, வெரதம் இருந்ததும் போயிருமா சாமி?" என்றார்.

இப்போதைக்கு ஒன்றுமில்லை என்று சீட்டு வந்தது. புதிதாகத் தொற்றியிருந்தால் உடனே தெரியாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அதுவரை ஆணுறை இல்லாமல் கூடவே கூடாது, அவரையும் கூட்டி வாருங்கள் என்றார். கை நிறையப் பாக்கெட்டுகளும் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோதே அவன் போன். "நாளைக்குச் சங்ககிரி வாரேன்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். "வாங்க. ஆனா காண்டம் போடோணுங்க. நீங்களும் ஒருக்கா ரத்தம் பாத்துக்கோணுங்க."

"ஓகோ, அந்தளவுக்கு ஆயிருச்சா?" வைத்துவிட்டான்.

திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும், மறுபடியும். வெயிலில் நின்றபடி, போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதுகொண்டே அழுத்தினேன். அவன் இனி வரவே மாட்டான் என்று தோன்றியபோது, சத்தியமாகச் சொல்கிறேன், நோய் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. கடைசியில் எடுத்தான்.

"என்னடா?"

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க. நீங்க வந்தாப் போதுமுங்க."

வந்தான். பாக்கெட்டுகள் என் பையிலேயே இருந்தன. அந்த அம்மா சொன்ன மூன்று மாதம் எனக்கு இன்னும் முடியவில்லை. அவன் வந்து போகிற ஒவ்வொரு முறையும் அது முதல் நாளிலிருந்து தொடங்குகிறது.